ஃபிளோரன்ஸில் மறைத்த சாவு

சுவிஸில், பூம்ப்ளிஸ் என்ற ஊரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் நிலக்கீழ் மாடியில் ஒரு சலவை அறை இருக்கிறது. அங்கே இருபத்திரண்டு வருடமாகத் துணி துவைத்து, அயன் பண்ணி, மடித்து அடுக்குகிறவர் சிவானந்தராசா அண்ணை. ஊர் உரும்பிராய். வயது ஐம்பத்தெட்டு. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால் நேரம் வரவில்லை என்பார், ஏதோ பஸ்ஸுக்குப் பிந்தினவர் மாதிரி.

நான் அதே இல்லத்தில் இரண்டாம் மாடியில் பராமரிப்பு உதவியாளர். பெயர் பவதாரணி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் மனுசன் சிறீதரன் சொல்வார். பொய்யில்லை. அதோடு எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் உண்டு. யாருக்கு எது நல்லது, யாரிடம் எதை எப்போது சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் நானே முடிவெடுத்துவிடுவேன். அந்த நினைப்பு என்ன செய்து வைத்தது என்று எண்ணிப் பார்த்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அண்ணை அதிகம் கதைக்க மாட்டார். ஆனால் ஒரு பாவாடையைத் தூக்கிப் பார்த்தே அது எந்த அறைக் கிழவியுடையது என்று சொல்லுவார். இடுப்புப் பட்டியில் புதிதாகச் சுருக்கம் விழுந்திருந்தால் மேலே ஏறி வந்து, பதினேழாம் அறை அம்மா மெலிகிறா, சாப்பாட்டைக் கவனியுங்கோ என்பார். நிறுத்துப் பார்த்தால் இரண்டு கிலோ குறைந்திருக்கும். எங்கள் தாதிமாருக்குத் தெரிவதற்கு முதல் அவருக்குத் தெரிந்துவிடும். இதற்காக அவரை யாரும் மெச்சினது கிடையாது.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தாயாரைப் பார்க்க வேண்டும். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு இங்கே வந்தவர், அதன் பிறகு தாயைத் தொட்டதில்லை. அகதியாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு இந்த நாடு ஒரு பயணப் பத்திரம் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு பாரிசுக்குப் போகலாம், ரோமுக்குப் போகலாம். தப்பி வந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அதற்குச் சுவிஸ் குடியுரிமை வேண்டும். அண்ணை இரண்டு தரம் விண்ணப்பித்தார். இரண்டு தரமும் நேர்முகத்தில் தவறவிட்டார். மொழி தெரியாமல் இல்லை. நாலு பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அவருக்கு நா எழும்பாது. எங்கள் ஆட்களுக்கு இது போதாதா? கோயிலில் கண்டாலும் கடையில் கண்டாலும், அண்ணைக்கு எப்ப சுவிஸ் சிவப்புப் பாஸ் என்று கேட்பார்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார். நானும் கேட்டிருக்கிறேன்.

தாயார் இரத்தினம்மாவுக்கு எண்பத்தாறு வயது. தினமும் காலை வேலைக்கு முதல் அண்ணை வாட்ஸப்பில் கதைப்பார். அந்த அம்மா எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பா, எப்ப ராசா வாறாய் என்று. அண்ணை ஒரே மகன். கீழே பிரியதர்சினி என்று ஒரு தங்கச்சி, அவதான் தாயோடு இருக்கிறா. எனக்குக் கொள்ளி வைக்கவாவது வருவியோ என்று தாய் ஒருநாள் கேட்டதாகச் சொல்லி, அண்ணை சலவை அறையில் எனக்கு முன்னால் கண்ணைத் துடைத்தார். வேறு எதற்கும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

என் மனுசன் பூம்ப்ளிஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் கோடை தொடக்கத்தில் வரும் ஃபிங்ஸ்டன் திருநாள் விடுமுறைக்கு ஒரு பஸ் பிடித்து எங்கள் ஆட்களைத் தெற்கே கூட்டிப் போவார். மிலான், வெனிஸ், பீசா, ஒருமுறை பார்சலோனா. நாங்கள் பழைய நகரங்களைப் பார்க்கும் முறையே தனி. வெள்ளைக்காரர் கையில் புத்தகம் வைத்திருப்பார்கள், எங்கள் கையில் புட்டுப் பார்சல் இருக்கும். ஐந்நூறு வருடத்துத் தேவாலயத்துக்கு முன்னால் இறங்கினதும் முதல் கேள்வி மலசலகூடம் எங்கே என்பது. இரண்டாவது, அங்கே காசு வாங்குவார்களா என்பது. மூன்றாவது கேள்வி வருவதற்குள் பஸ் வெளிக்கிடும் நேரம் வந்துவிடும். ஆனாலும் நாங்கள் சந்தோசமாகத்தான் போய் வருகிறோம்.

இந்த வருடம் ஃபிளோரன்ஸும் ரோமும். அண்ணை ஒரு வருடமும் வந்ததில்லை. இந்த முறை நான் விடவில்லை. சலவை அறையில் போய் நின்று அரித்துப் பிடுங்கினேன். நாலு நாள் துணி மடிக்காவிட்டால் சுவிஸ் கவிழ்ந்துவிடாது என்றேன். கடைசியில் என் தொல்லை பொறுக்காமல் சம்மதித்தார். நாலு நாள் கதைக்க முடியாது என்று தாயிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார். அவருடைய போனில் எல்லை தாண்டினால் இன்டர்நெட்டுக்குக் கொள்ளைக் காசு போகும். அதனால் எல்லைக்கு முதலே, கொத்தார்ட் மலைச் சுரங்கம் தாண்டினதும் போனையே நிற்பாட்டிப் பைக்குள் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஃபிளோரன்ஸுக்கு வெளியே இருந்த ஹோட்டலில் இறங்கினோம். என் மனுசன் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து வரவேற்பு மேசையில் கொடுத்தார். அண்ணை மட்டும் தன்னுடையதைத் தராமல் தானே கொண்டுபோய்க் காட்டினார். அகதிப் பத்திரத்தை நாலு பேர் பார்க்கிறது வெட்கம் போல, பாவம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நகரத்தின் பெரிய சதுக்கத்தில் நின்றோம். அங்கே ஒரு திறந்த மண்டபத்தில் சலவைக்கல் சிலைகள் நிற்கின்றன. மற்றவர்கள் சிலைகளின் அம்மண உடம்பைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள், சில பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணை உடம்பைப் பார்க்கவில்லை. ஒரு சிலை போர்த்தியிருந்த துணியைப் பார்த்தார். கல்லில் விழுந்திருந்த ஒவ்வொரு மடிப்பையும் குனிந்து குனிந்து பார்த்தார். இந்தத் துணி நல்ல மெல்லிசு, ஆனால் இந்த இடத்தில் மடிப்பு இப்படி விழாது, செதுக்கினவன் ஏமாத்திப் போட்டான் என்று என்னிடம் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதேயில்லை. உடனே ஒரு படம் எடுத்தேன்.

அந்தப் படத்தை எடுத்து ஐந்து நிமிடம்கூட இராது. என் மனுசன் பஸ் நின்ற தெருப் பக்கம் இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். போனேன். அவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது. உரும்பிராயில் இருந்து பிரியதர்சினி எடுத்திருக்கிறா. அண்ணையின் போன் வேலை செய்யாததால் எங்கள் கடை விளம்பரத்தில் இருந்த இவருடைய கைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து எடுத்திருக்கிறா. அம்மா போய்விட்டா. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சாய்ந்தவ எழும்பவில்லை. அண்ணையால் வர முடியாதுதானே, வைத்திருந்து என்ன செய்வது, நாளைக்கு இரண்டு மணிக்கு எடுக்கப் போகிறோம், அண்ணைக்குப் பக்குவமாய்ச் சொல்லுங்கோ என்று அழுதிருக்கிறா.

அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அண்ணை இன்னும் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

என் மனுசனுக்கு ரகசியம் வயிற்றில் தங்காது. கடையில் கத்தரிக்காய் பழசென்றால் அதையும் வாங்க வருகிறவரிடம் சொல்லிவிடுகிற ஆள். அவர் அப்போதே அண்ணையிடம் போகக் காலை எடுத்து வைத்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இப்பவே சொல்லுவம் பவா. தாய் செத்ததை மகனுக்குச் சொல்லாமல் விடுறதோ?"

"போகேலாத மனுசனுக்கு இப்ப சொல்லி என்ன கண்டது? றோட்டில நிண்டு அழுறதோ? முப்பது வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் சிரிக்கிறார். திங்கள் பின்னேரம் வீட்டை கொண்டுபோய் இருத்திச் சொல்லுவம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். சாவு விசயத்தில் என்னை அவர் எதிர்த்துக் கதைப்பதில்லை, அது என்னுடைய தொழில் என்று நினைப்பவர். ஓம், என் தொழில்தான். எங்கள் இல்லத்தில் ஒருவர் இறந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் குடும்பத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது, இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்ல வேண்டும். அதற்கு வகுப்பு வைத்துப் படிப்பித்தார்கள். ஜெர்மனில் எத்தனையோ பேருக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். தமிழில் சொல்ல வேண்டி வந்தபோது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம் எனக்குள் இருந்து எழும்பிவிட்டது. நாங்கள் சாவைச் சொல்ல மாட்டோம். கொஞ்சம் கடுமையாம் என்போம். செத்தவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைப்போம், மருந்து ஏற்றுவோம். கேட்கிறவர் வீட்டுக்குப் போய்ப் படலையைத் திறக்கும்வரை பிரேதத்தை உயிரோடு வைத்திருப்போம்.

ஆனால் இந்தக் காலத்தில் சாவை எங்கே மறைப்பது? ஒரு மணித்தியாலத்துக்குள் மரண அறிவித்தல் இன்டர்நெட்டில் வந்துவிட்டது. தாயாரின் படம், கீழே சிவானந்தராசா, சுவிஸ் என்று அண்ணையின் பெயர். பஸ்ஸில் இருந்த நாற்பத்தாறு பேரில் பாதிப் பேருடைய போனில் அது ஏறியிருந்தது. அண்ணை மலசலகூட வரிசையில் நின்ற நேரம் பார்த்து என் மனுசன் பஸ் மைக்கில் சொன்னார், அண்ணைக்கு இன்னும் தெரியாது, ஒருவரும் வாய் திறக்க வேண்டாம், போனை அவருக்கு முன்னால் திறக்க வேண்டாம் என்று. பின் இருக்கையில் இருந்த ஒரு அம்மா, அப்ப இந்த பஸ்ஸுக்கே சாத்துடக்கோ, செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகலாமோ என்று கேட்டா. எனக்கு வந்த கோபத்துக்கு அவவை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் உடம்பு கூசுகிறது. எல்லாரும் அண்ணையைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். முன் இருக்கையைக் கொடுத்தார்கள். வடை கொடுத்தார்கள், வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்கள். இத்தனை வருடமாகப் பாஸ் எப்ப, பாஸ் எப்ப என்று நோண்டினவர்கள் அண்ணை அண்ணை என்று உருகினார்கள். ரோமுக்குப் போகும் வழி முழுக்க அவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார். "இவ்வளவு நல்ல சனமெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு தங்கச்சி" என்று என் காதுக்குள் சொன்னார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோமில் பழைய அரங்கத்துக்கு முன்னால் இறங்கினோம். எங்கள் நேரத்துக்குப் பத்தரை மணி என்றால் ஊரில் பின்னேரம் இரண்டு மணி. நான் காலை எழும்பினதில் இருந்து மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பிரேதத்தைக் குளிப்பாட்டுவார்கள், இப்போது சடங்குக்குச் சுண்ணம் இடிப்பார்கள் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சிப்பாய் வேடம் போட்டு நின்ற ஒருவனோடு படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். பத்து மணி ஐந்துக்கு அண்ணை என்னிடம் வந்தார்.

"உங்கட போனில நெற் இருக்குதானே தங்கச்சி? அம்மாவோட ரெண்டு நிமிசம் கதைப்பமோ? இந்தக் கட்டடத்தை அவவுக்கு ஒருக்காக் காட்டுவம்."

சார்ஜ் முடிந்துவிட்டது என்றேன். என் நாக்கு எப்படி அவ்வளவு வேகமாகப் புரண்டது என்று இன்றைக்கும் தெரியவில்லை. போன் என் கைப்பைக்குள் நிறைந்த சார்ஜோடு கிடந்தது.

"பரவாயில்லை" என்றார். "இன்னும் பதினாறு நாள்தானே. நேரில போய்ச் சொல்லுறன்."

எங்கே போய் என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கோட்டின் உள்பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் இருந்தது சிவப்புப் பாஸ்போர்ட். புத்தம் புதிது. வெள்ளைச் சிலுவை பளிச்சென்று இருந்தது.

"மூண்டாந்தரம் சரிவந்திட்டுது. நாலு கிழமைக்கு முதல் பாஸும் வந்திட்டுது. ஆருக்கும் சொல்லேல்லை, பிரியாவுக்கும் தெரியாது. விசாவும் எடுத்திட்டன், ரிக்கெற்றும் போட்டிட்டன். படலையைத் திறந்துகொண்டு போய் அம்மாவுக்கு முன்னால நிக்கப் போறன்."

அவருடைய வாய் அசைகிறது, எனக்குச் சத்தம் கேட்கவில்லை. நேற்றுக் காலை ஒன்பதரைக்கு இந்த மனுசனுக்குச் சொல்லியிருந்தால் நேற்று இரவே விமானத்தில் ஏறியிருப்பார். மகன் வருகிறான் என்று ஒரு சொல் போயிருந்தால் தங்கச்சி பிரேதத்தை வைத்திருப்பா. முப்பத்திரண்டு வருடம் காத்திருந்த தாயின் முகத்தை அவர் பார்த்திருப்பார். கொள்ளி வைத்திருப்பார். போகேலாத மனுசன் என்று நான் சொன்னேன். என்னைக் கேட்டது யார்? எனக்கு யார் சொன்னது?

வாழ்த்து ஒன்று சொன்னேனா, என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மலசலகூடம் என்று ஏதோ உளறிவிட்டு என் மனுசனிடம் ஓடினேன். விசயத்தைக் கேட்டதும் அவர் அப்படியே படிக்கட்டில் குந்திவிட்டார். முதலில் அவருக்குச் சொல்லும் என்றார். நான் கேட்கவில்லை. பிரேதத்தை மறித்துவிட்டுச் சொல்லுவோம் என்றேன். இரண்டாம் தரமும் நானே முடிவெடுத்தேன்.

பிரியதர்சினிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. பறை முழங்கும் சாவீட்டில் போன் மணி யாருக்குக் கேட்கும்? ஒரு தூணுக்குப் பின்னால் நின்று ஏழு தரம் அடித்தேன். என்னைச் சுற்றி ஆயிரம் பேர் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். பத்து மணி ஐம்பதுக்கு அவ எடுத்தா. ஒப்பாரி பின்னால் கேட்டது. நான் அழுதழுது சொன்னேன், அண்ணையால் வர முடியும், அவருக்குப் பாஸ் கிடைத்துவிட்டது, மறியுங்கோ என்று.

"தூக்கிக்கொண்டு போட்டினம் அக்கா. இப்பதான், கால் மணித்தியாலம்."

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஆண்கள் எல்லாரும் பாடையோடு போய்விட்டார்கள். அவ போன் அடிக்க அடிக்க ஒருவரும் எடுக்கவில்லையாம். கடைசியில் தலைமயிர் விரிந்தபடி ஒழுங்கை முடக்கு வரை ஓடியிருக்கிறா, பின்னால் வந்த பெண்கள் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினொன்றரைக்கு அவவே எனக்கு எடுத்தா. தன்னுடைய மகன் பானுஜன் கொள்ளி வைத்துவிட்டான் என்று சொன்னா. உடனே வைத்துவிட்டா.

நாங்கள் போகும்போது அண்ணை நிழலில் ஒரு கல்லில் இருந்து, யாரோ கொடுத்த ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மனுசன் அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். கடுமையாம் என்று சொல்லவில்லை, ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. "அம்மா செத்துப் போனா அண்ணை" என்றார்.

அண்ணை எப்போது என்று கேட்டார். நேற்றுக் காலை என்றார் இவர். நேற்றோ என்றார் அண்ணை. ஐஸ்கிரீம் உருகி அவருடைய மணிக்கட்டால் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே எழும்பி, கோட்டு உள்பைக்குக் கையைக் கொண்டு போனார். எடுத்தாயிற்று என்று சொன்னதும் அந்தக் கை அங்கேயே நின்றது. அவர் எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வடை கொடுத்தவர்களை, வாழைப்பழம் உரித்துக் கொடுத்தவர்களை. எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"சொல்ல வேண்டாமெண்டு சொன்னது ஆர்?"

"நான்தான்" என்றார் என் மனுசன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் நீளமான நான். என் வாய் திறக்கவில்லை. அண்ணை அவரை ஏசவில்லை, அடிக்கவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். விமான நிலையம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

டாக்சி பிடிக்க ஒருவரும் விடவில்லை. வத்திக்கானுக்குப் போக வேண்டிய பஸ் நாற்பத்தாறு பேரோடும் விமான நிலையத்துக்குத் திரும்பியது. அன்று பின்னேரமே டோகா வழியாகப் போகும் விமானத்தில் இடம் இருந்தது. முதல் நாளும் இருந்திருக்கும். ஒரு தோள்பையோடு அவர் நின்றார், மாற்றுச் சட்டை ஒன்றும் பல்துலக்கியும் உள்ளே. யாரோ பிஸ்கட் பக்கெட் ஒன்றைக் கையில் திணித்தார்கள், அதையும் வாங்கிக்கொண்டார். சாம்பல் அள்ளுகிற காடாத்துக்கு அண்ணை வரும்வரை பொறுங்கோ என்று பிரியதர்சினிக்குச் சொல்லியிருந்தேன். அதற்காவது நேரத்துக்குச் சொன்னேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் சிவப்புப் பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போவதை நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம். நாற்பத்தாறு பேரில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

ஊரில் அவரே எலும்பு பொறுக்கி, கீரிமலைக் கடலில் கரைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடித்துவிட்டு வந்தார். மொட்டை அடித்த தலையில் வெள்ளை மயிர் குத்திக்கொண்டு நின்றது. அடுத்த நாளே சலவை அறையில் வேலைக்கு இறங்கினார். என்னைக் கண்டால் முன்னர் போலவே தங்கச்சி என்பார். என் மனுசனின் கடைக்கும் வந்தார், சாமான் வாங்கினார். ஆனால் இங்கே எங்கள் சனம் விடவில்லை. தாயின் சாவை மறைத்தவன் என்று சிறீதரனுக்குப் பெயர் வைத்தது. ஃபிளோரன்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு வந்த அதே சனம்தான். அடுத்த வருடப் பயணத்துக்கு ஆள் சேர்க்க அவர் கடைக் கண்ணாடியில் ஒட்டின கடதாசியில் ஒரு பெயரும் விழவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. ரகசியம் வயிற்றில் தங்காத மனுசன் இதை மட்டும் தங்க வைத்துக்கொண்டு திரிந்தார். இரவில் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒக்டோபரில் ஒருநாள் பதினேழாம் அறை அம்மா இறந்துபோனா. வழக்கம்போல மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். இறந்துவிட்டார் என்ற சொல்லைச் சொன்னேன். அந்த மகள் அழுதுகொண்டே, உடனே சொன்னதுக்கு நன்றி என்றாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு நேரே நிலக்கீழ் மாடிக்கு இறங்கினேன். இறங்கியிராவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அண்ணை மேசையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் கதவடியில் நின்றபடியே சொன்னேன்.

"அண்டைக்குச் சொல்ல வேண்டாமெண்டது அவரில்லை அண்ணை. நான்தான். அவர் அப்பவே சொல்லப் போனவர், நான்தான் கையைப் பிடிச்சு மறிச்சனான்."

அவர் மடித்துக்கொண்டிருந்த விரிப்பை முழுதாக மடித்து, அடுக்கின் மேல் வைத்து, ஓரத்தை நேராக்கினார்.

"தெரியும் தங்கச்சி. சிறீயால ஒரு நாளும் அப்பிடி ஒண்டை வைச்சிருக்கேலாது. எனக்கு அங்கேயே தெரியும்."

தெரிந்தும் ஏன் இவ்வளவு நாளும் ஒன்றும் கேட்கவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். "அம்மா நான் வருவன் எண்டு பாத்துக்கொண்டிருந்த மாதிரி."

பிறகு அவர் அடுத்த விரிப்பை எடுத்தார். நான் அழுது முடியும்வரை அவர் ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.